'மிக்ரா ஆசியா' (1972): ஓர் இசைத்தட்டும் ஓர் ஒப்பந்தம் கேளாத மொழிகளும்

1972ஆம் ஆண்டு கிரேக்கத்தில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. 'மிக்ரா ஆசியா', அதாவது சிற்றாசியா, என்பது அதன் பெயர். இசை அபொஸ்தொலோஸ் கல்தாராஸ். பாடல்கள் பிதாகோராஸ் பபஸ்தமதியூ. பாடிய யோர்கோஸ் தலாராஸும் ஹாரிஸ் அலெக்ஸியூவும் அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். தொகுப்பு பெரும் வெற்றி பெற்றது. அலெக்ஸியூவை நாடறியச் செய்ததும் இதுவே. அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு துயரத்தை அந்தத் தலைமுறை ஏன் இத்துணை ஆவலுடன் வாங்கிக் கேட்டது? மொழி வரலாறு பயில்வோர்க்கு இவ்வினா பயன் தரும் என்பதால் இங்கு எழுதுகிறேன்.

1922 செப்டம்பர் 9 அன்று துருக்கியப் படை ஸ்மிர்னா நகருக்குள், அதாவது இன்றைய இஸ்மிருக்குள், நுழைந்தது. 13ஆம் நாள் மூண்ட தீயில் நகரின் கிரேக்க, ஆர்மீனியப் பகுதிகள் அழிந்தன. 1923 ஜனவரி 30 அன்று லொசான் நகரில் இரு அரசுகளும் மக்கள் பரிமாற்ற உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. பரிமாற்றம் கட்டாயமானது, அதற்கு வகுக்கப்பட்ட அளவுகோல் மதம். துருக்கியிலிருந்த ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர் கிரேக்கத்துக்கும், கிரேக்கத்திலிருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் செல்ல வேண்டும். இஸ்தான்புல் கிரேக்கர்க்கும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு உண்டு.

மொழியை அந்த உடன்படிக்கை கேட்கவே இல்லை. துருக்கி மொழியையே தாய்மொழியாகக் கொண்டு, அதைக் கிரேக்க எழுத்தில் எழுதிவந்த கரமன்லி கிறித்தவர் 'தாயகம் திரும்பும் கிரேக்கர்' ஆயினர். கிரேக்கமே பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் 'தாயகம் திரும்பும் துருக்கியர்' ஆயினர். இரு சாராரும் தாம் கண்டிராத நாட்டுக்கே 'திரும்பினர்'. முன்னவரைக் கிரேக்கத்தில் 'துருக்கி வித்து' என்றனர். பின்னவரைத் துருக்கியில் 'பாதிக் காஃபிர்' என்றனர். 1928ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கிரேக்கத்தின் ஏறத்தாழ 62 இலட்சம் மக்களுள் 12 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகள், ஐவரில் ஒருவர்.

அவர்களுடன் பாட்டும் வந்தது. மேற்கு அனத்தோலியாவின் ஸெய்பெக் ஆட்டத்திலிருந்து வந்த ஒன்பது எண்ணிக்கைத் தாளமும், 'அமான்' என்னும் விளியை நீட்டிப் பாடும் அமானெஸும் துறைமுகக் குடியிருப்புகளில் ஒலித்தன. 1936இல் அதிகாரத்தைக் கைப்பற்றிய மெத்தாக்ஸாஸின் ஆட்சி இவற்றைக் கீழைச் சாயல் என்று ஒடுக்கியது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1934இல், துருக்கி தன் மரபிசையை வானொலியிலிருந்து விலக்கியிருந்தது. பகைவர் இருவரும் ஒரே இசையைக் கண்டு நாணினர்.

இப்பின்னணியில்தான் 1972இன் வெற்றியைப் படிக்க வேண்டும். கல்தாராஸ் பிறந்த ஆண்டு 1922. தலாராஸ் பிறந்தது பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய கொக்கினியா என்னும் அகதிக் குடியிருப்பில். நாட்டை அப்போது இராணுவம் ஆண்டுகொண்டிருந்தது. ஆயினும் தொகுப்பின் புகழ்பெற்ற பாடல் பகைமையைப் பாடவில்லை. போஸ்பரஸ் நீரிணையின் கரையில் யானிஸ் என்னும் கிரேக்கன் அழுகிறான். மெஹ்மெத் என்னும் துருக்கியன் அருகிருந்து குடித்தவாறே பாடி அவனைத் தேற்றுகிறான். தெய்வங்கள் வேறாயினும் இருவர்க்கும் பெருமூச்சு ஒன்றே என்கிறது பாடல்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. போஸ்பரஸ் பரிமாற்றத்திலிருந்து விலக்குப் பெற்ற இஸ்தான்புல்லின் நீர். யானிஸும் மெஹ்மெத்தும் அருகருகே அமர எஞ்சியிருந்த இடம் அதுதான். ஆனால் 1955 செப்டம்பர்க் கலவரத்துக்கும் 1964இல் கிரேக்கக் குடியுரிமையுடையோர் வெளியேற்றப்பட்டதற்கும் பின்னர், பாடல் வெளியானபோது அந்த யானிஸும் பெரும்பாலும் புறப்பட்டுப் போயிருந்தான். பாடல் அழைப்பது போலத் தோன்றினும், உண்மையில் அது ஓர் இரங்கற்பா.

தொகுப்பின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. அது கிரேக்க மொழியில் அழுகிறது. அகதிகளுள் பலர் அழுத மொழியோ துருக்கி. அவர்களின் நினைவு தேசிய நினைவாக ஏற்கப்பட வேண்டுமெனில் தேசிய மொழியில் பெயர்ந்தாக வேண்டியிருந்தது. பரிமாற்றம் மொழியைக் கேட்கவில்லை, நினைவுகூரல் கேட்டது. ஆயினும் மொழி முற்றிலும் தோற்றுவிடுவதில்லை. கிரேக்கப் பாடல்களில் துயரைக் குறிக்கும் 'தெர்த்தி' துருக்கியின் 'தெர்த்'. அதன் மூலம் பாரசீகம். நம் இந்தித் திரைப்பாடல்களின் 'தர்த்' அதற்கு உடன்பிறப்பு.

இது நமக்குத் தொலைவான கதையும் அன்று. பாகிஸ்தான் பற்றிய தம் நூலில் அம்பேத்கர், மக்கள் பரிமாற்றத்தை எள்ளுவோர் துருக்கி, கிரேக்கம், பல்கேரியா ஆகியவற்றின் வரலாற்றைப் படிக்க வேண்டும் என்று வாதிட்டார். இசைத்தட்டு பிறப்பதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுந்த வாதம் அது. ஒப்பந்தங்கள் எத்தனை பேர் இடம்பெயர்ந்தனர் என்பதை எண்ணிச் சொல்லும். எந்த மொழியில் அழுதனர் என்பதை அறியப் பாட்டிடம்தான் செல்ல வேண்டும்; பாட்டும் சொல்லாமல் விடுவது எது என்று கேட்பது நம் துறையின் பணி.