ஒட்டுக் கிதார்

ஒரே பலாக்கட்டையில் குடமும் தண்டியும் குடைந்தெடுத்த வீணையை ஏகாந்த வீணை என்பார்கள். துண்டு துண்டாகச் செய்து பொருத்தியது ஒட்டு வீணை. அதற்கு மதிப்பு ஒரு படி குறைவு. நாதத்தைப் பொறுத்து இதில் நியாயம் இருக்கலாம், நான் சொல்லத் தகுதியற்றவன். ஆனால் இதே தச்சு நியாயத்தைத்தான் நம் விமர்சகர்கள் கவிதைக்கும் நாவலுக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்: படைப்பு ஒரே கட்டையில் வந்திருக்க வேண்டும், மூட்டு கண்ணில் படக்கூடாது. நானும் வெகு நாள் இதை நம்பியவன்தான். அந்த நம்பிக்கையைக் கெடுத்தது ஒரு மின்கிதாரின் புகைப்படம்.

சிவப்புப் பலகை. அதன்மேல் கறுப்பும் வெளுப்புமாகத் தாறுமாறான பட்டைகள். பாதி உடைத்துப் போட்டதுபோல் திறந்து கிடக்கும் குழிகள், வெளியே தெரியும் ஒயர்கள், பலகையில் திருகி வைத்த ஒரு கால் டாலர் நாணயம். எடி வான் ஹேலன் தானே சேர்த்துக்கட்டியது. நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, உதிரிச் சாமான், இதில் உருவம் எங்கே இருக்கிறது என்றார். பதில் சொல்ல எனக்குச் சில வருஷங்கள் பிடித்தன. ஏனென்றால் பதில் அந்தக் கிதாரில் மட்டும் இல்லை, அதற்கு முந்தைய நாற்பது வருஷங்களில் இருக்கிறது.

மரக் கிதாரில் ஒலி பிறக்குமிடம் அதன் வயிறு. தந்தியின் அதிர்வைக் கூட்டின் காற்றும் மெல்லிய மேற்பலகையும் வாங்கிப் பெருக்குகின்றன. தந்திக்கு அடியில் காந்தத்தையும் அதைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருளையும் வைத்து, எஃகுத் தந்தியின் ஆட்டத்தை மின்சாரமாக மாற்றிவிட்டால் வயிற்றுக்கு வேலை போய்விடுகிறது. போவதோடு நில்லாமல் அது உபத்திரவமாகவும் ஆகிறது. ஒலிபெருக்கியின் சத்தத்தை அதுவே திரும்ப வாங்கி ஊளையிடத் தொடங்கும். இதைத் தெளிவாகக் கண்டவர்களில் ஒருவர் லெஸ் பால். 1940ஐ ஒட்டி, நியூயார்க்கில் எபிஃபோன் கிதார்த் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் வாங்கிக்கொண்டு, நாலங்குலச் சதுரப் பைன் கட்டை ஒன்றில் கழுத்தையும் சுருள்களையும் பொருத்தினார். பெயரும் ‘கட்டை’ என்றே நிலைத்தது. அதை வாசித்தபோது சபை மசியவில்லையாம். ஒரு எபிஃபோன் கிதாரின் கூட்டை நெடுக அறுத்து, இரண்டு பாதிகளையும் கட்டையின் இருபுறமும் இறக்கை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்ததும் அதே ஜனங்கள் ரசித்தார்கள். இது அவரே சொல்லிவந்த கதை. ஒலிக்கும் அந்த இறக்கைகளுக்கும் கிட்டத்தட்ட எந்தச் சம்பந்தமும் இல்லை. முழுமை என்று நாம் கொண்டாடுவதில் எவ்வளவு பங்கு கண்ணின் பழக்கம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கிப்ஸன் கம்பெனி அந்தக் கட்டையைச் சட்டை செய்யவில்லை. 1952ல்தான் லெஸ் பாலின் பெயர் போட்ட திடக் கிதாரை அது விற்பனைக்குக் கொண்டுவந்தது, அதுவும் கலிஃபோர்னியாவில் வேறொருவர் முந்திக்கொண்ட பிறகு.

அந்த வேறொருவர் ஃபுல்லர்ட்டன் ஊரில் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்த லியோ ஃபெண்டர். கிதார் வாசிக்கத் தெரியாதவர். (எனக்கும் தெரியாது, இந்த ஒரு ஒற்றுமைதான்.) 1950ல் வெளிவந்து அடுத்த வருஷமே டெலிகாஸ்டர் என்று பெயர் மாறிய கிதாரிலும், 1954ன் ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் அவர் செய்த பெரிய காரியம் கழுத்தைப் பசை போட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் முடுக்கியது. ரிப்பேர்க்காரனின் புத்தி அது. கெட்டுப்போனதைக் கழற்று, இன்னொன்றை மாட்டு. தொழிற்சாலைக்கும் அது சௌகரியம், கழுத்து ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம் என்று தனித்தனியாகச் செய்து குவிக்கலாம். தன் சௌகரியத்துக்காகச் செய்த இந்த மூட்டு, வாங்குபவன் கையில் திருகாணிமுடுக்கி இருந்தால் தன் கிதார் தன்னுடையதாக இராது என்பதைத் தொழிற்சாலை யோசித்திருக்க நியாயமில்லை.

எரிக் கிளாப்டன் 1970ல் நாஷ்வில் நகரத்துக் கடை ஒன்றில் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்கள் ஆறு வாங்கினார். அப்போது அவற்றுக்கு மவுசு கிடையாது, சல்லிசு. மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்தார். மிச்சம் மூன்றைப் பிரித்து, ஒன்றின் உடல், இன்னொன்றின் கழுத்து என்று தேறியவற்றைக் கொண்டு ஒரு கறுப்புக் கிதார் ஆக்கிக்கொண்டார். மூன்று ஏடுகளை ஒப்புநோக்கி ஒரு பாடம் எடுப்பது போன்ற வேலை இது, பதிப்பாசிரியனுடையது. மூன்றும் ஒரே நூலின் பிரதிகள் என்பதால் எங்கேயும் இடிக்கவில்லை. 2004ல் அது ஏலத்தில் 9,59,500 டாலருக்குப் போனது.

எடி வான் ஹேலனுக்கு வேண்டியிருந்தது வேறு. கிப்ஸனின் கனத்த ஒலி வேண்டும். ஃபெண்டரில் உள்ள, தந்திகளை மொத்தமாகத் தளர்த்தி ஸ்வரத்தைச் சரித்து மீட்கும் கம்பியும் வேண்டும். இரண்டும் சேர்ந்து அவர் கேட்டபடி கடையில் இல்லை. இரண்டு கம்பெனிகளின் இலக்கணமும் வேறு. 1970களின் நடுவில் கலிஃபோர்னியாவில் உடல், கழுத்து என்று உதிரியாகவே விற்கும் பட்டறைகள் கிளம்பியிருந்தன. அப்படி ஒரு இடத்தில், தரம் தேறாமல் ஒதுக்கிய ஒரு உடலை 50 டாலருக்கும் கழுத்தை 80 டாலருக்கும் வாங்கியதாக அவர் சொல்லியிருக்கிறார். கிப்ஸன் கிதார் ஒன்றிலிருந்து இரட்டைச் சுருள் பிக்கப்பைப் பிடுங்கினார். அது கொள்ளும்படி உடலை உளியால் தோண்டினார். கிப்ஸனின் தந்தி இடைவெளி வேறு, ஃபெண்டர் பாலத்தின் இடைவெளி வேறு. காந்த முனைகள் தந்திக்கு நேராக வர பிக்கப்பைச் சற்றுச் சாய்த்து வைத்தார். அந்தச் சாய்வைப் பலர் அலங்காரம் என்று நினைத்திருக்கிறார்கள். சுருள் உள்ளுக்குள் நடுங்கிக் கீச்சிடாமலிருக்க உருக்கிய மெழுகில் முக்கினார். கொஞ்சம் அதிகம் காய்ந்துவிட்டால் பிக்கப்பே உருகிவிடும், அப்படிச் சிலது பாழாகவும் போயிற்று. மற்ற பிக்கப்புகளைத் திரும்ப ஒயரிங் செய்ய அவருக்குத் தெரியவில்லை. ஆகவே அவை வேண்டாம். ஒரு பிக்கப், ஒலி அளவுக்கு ஒரு திருகு, முடிந்தது. கையில் அகப்பட்ட திருகின் தலையில் ‘டோன்’ என்று எழுதியிருந்தது, அப்படியே மாட்டிவிட்டார்.

என் நண்பருக்கான பதில் இங்கே இருக்கிறது. அந்தக் கிதாரின் கோணல் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காது இருந்திருக்கிறது. காது கேட்டதைக் கை செய்தது. கைக்குத் தெரியாததும் உருவத்தில் சேர்ந்துகொண்டது. தெரியாமையை மறைக்க மேலே ஒரு மூடியைப் போட்டிருந்தால் கிதார் அழகாக இருந்திருக்கும், பொய்யாகவும் இருந்திருக்கும். பிரையன் மே என்ற ஆங்கிலேயர் 1963ல் தகப்பனாரோடு சேர்ந்து ஒரு பழைய கணப்படுப்பின் மரத்தைக் கொண்டு கிதார் செய்யத் தொடங்கினார். அதைப் பற்றி நான் எழுதாததற்குக் காரணம், அது தன் மூட்டுகளை நன்றாகவே மறைத்துக்கொண்டுவிட்டது.

1978ல் முதல் இசைத்தட்டு வந்தது. உறையில் கறுப்புவெள்ளைப் பட்டைக் கிதார். உடனே பட்டை போட்ட நகல்கள் கடைகளுக்கு வந்தன. அவர் மேலே சிவப்புப் பூசினார். பிறகு கழுத்தோரம் ஒரு வேலை செய்யாத பிக்கப்பையும், நடுக்குழியில் எதனோடும் சேராத ஒரு ஸ்விட்சையும் செருகினார். நகலெடுப்பவர்களைக் குழப்பத்தான் என்கிறார்கள். அந்த நாணயம் மட்டும் வேலை செய்வது. புதிதாக மாட்டிய பாலம் பின்னால் சாய்ந்து பலகைக்குள் அமுங்காதபடி முட்டுக் கொடுக்கிறது.

2007ல், வான் ஹேலனின் சம்மதத்தோடு, ஃபெண்டர் கம்பெனி இந்தக் கிதாரின் பிரதிகள் 300 செய்து ஒவ்வொன்றையும் 25,000 டாலருக்கு விற்றது. கிதாருக்குத் தேய்மானத்தையும் கீறலையும் புதிதாகவே செய்து தரும் கலையை அது 1995லிருந்தே வியாபாரமாக நடத்திவந்தது. 50 டாலர் கழிவுப் பலகை, தன் திருகாணி மூட்டின் வழியாகவே கைநழுவிப் போனது, சுற்றி வந்து மறுபடி தொழிற்சாலைக்குள் நுழைந்துவிட்டது. மூலம் 2019ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் கண்ணாடிக்குள் நின்றது. அடுத்த ஆண்டு அக்டோபரில் அவர் இறந்தார்.

பிரதிகளில் எதுவும் விட்டுப்போகவில்லை. சிகரெட் சுட்ட தழும்பு உட்படச் சகலமும் உண்டு. வேலை செய்யாத பிக்கப்பும் வேலை செய்யாமலே இருக்கிறது. நாணயமும் மூலத்தில் இருந்ததைப் போலவே 1971ஆம் வருஷத்தது.