கெட்டிச் சுவருக்கு உட்புற வெப்பக் காப்பு: இங்கிலாந்தின் அனுபவம்

இங்கிலாந்தில் 1920-க்கு முன் கட்டப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவை, நடுவே காற்றிடைவெளி இல்லாத கெட்டிச் சுவர் கொண்டவை. செங்கல் சுவரானால் கனம் பொதுவாக ஒன்பது அங்குலம். குளிர்காலத்தில் அறையின் வெப்பம் இதன் வழியே எளிதில் வெளியேறிவிடும்.

உட்புறத்தில் தடுப்பு அமைப்பது புதிய யோசனை அன்று. இடைக்கால மாளிகைகளில் அழகுக்காகவும் குளிருக்காகவும் கற்சுவரை மறைத்துக் கனத்த கம்பளித் திரைகளைத் தொங்கவிட்டனர். இன்று பிரான்சில் உள்ள ஆராஸ் நகரின் நெசவு புகழ்பெற்றதால், ஆங்கிலத்தில் அத்திரைக்கே ‘ஆராஸ்’ என்ற பெயர் வந்தது. ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் பொலோனியஸ் ஒளிந்திருந்து குத்துப்பட்டு இறப்பது இத்தகைய திரைக்குப் பின்னால்தான். ஆள் நிற்கும் அளவு இடைவெளி இருந்தது என்றால், அங்கே காற்றும் உலாவியது என்று பொருள். பின்னர் ஓக் மரப்பலகைகள் வந்தன.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எரிபொருளைச் சேமிக்கும் அக்கறை கூடியது. நுரைப்பலகைகளைச் சுவரோடு ஒட்டினால் அறை கதகதப்பாகும். ஆனால் அறைச்சூடு எட்டாததால் சுவர் முன்னினும் குளிரும். சமையல், குளியல், மூச்சு இவற்றின் நீராவி இடுக்குகள் வழியே நுழைந்து, குளிர்ந்த செங்கல்லில் நீராகப் படியும். மழையில் நனைந்த சுவர் உலரவும் தாமதமாகும். சுவருக்குள் செருகிய உத்தரங்களின் முனைகள் கண்ணில் படாமலே உளுத்துப்போகும்.

வெளிப்புறக் காப்பு இவ்வகையில் பாதுகாப்பானது. ஆனால் பழைய முகப்பை மூடிவிடுமே! எனவே, 1877-இல் வில்லியம் மோரிஸ் முதலியோர் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம், ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் பொருள்களையே வலியுறுத்துகிறது. மரநார்ப் பலகையும் அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சும் அத்தகையவை. கனம் கூடக்கூடச் சுவர் மேலும் குளிரும் என்பதால், பலகையை அளவோடு வைப்பதே வழக்கம்.