மேற்கோட் குறிப்பும் வரலாறும்
சர்வதேச நீதிமன்றத் தீர்ப்புகளை எடுத்தாளும் முறை பற்றிய ஒரு நோக்கு

1

புறநானூற்றுப் பாடல்கள் பலவற்றின் கீழே திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர், பாடிய சந்தர்ப்பம் ஆகியவற்றைச் சுட்டும் சிறு குறிப்பொன்று காணப்படும். பாடலைச் சுவைப்போர் பலர் அதனைக் கடந்து சென்றுவிடுவர். ஆயின், அப்பாடல்களைச் சமூக வரலாற்றின் சான்றுகளாகக் கொள்ள முனையும் ஆய்வாளனுக்கு அக்குறிப்பே முதற்படியாகும். அது பாடியவராலன்றித் தொகுத்தோரால் எழுதப்பட்டதாதலின் அப்படியே நம்பிவிட இயலாது. அதேவேளை, ஒதுக்கிவிடவும் இயலாது. யார், யாரை, எந்நிலையில் நின்று பாடினார் என்னும் வினா அங்கேயே தொடங்குகின்றது.

சட்ட எழுத்தில் இதற்கு ஒப்பான இடத்தை வகிப்பது மேற்கோட் குறிப்பு ஆகும். வழக்கின் பெயர், வழக்காளிகள், வழக்கின் கட்டம், தீர்ப்பின் வகை, தொகுதி, ஆண்டு, பக்கம் என ஓரிரு வரிகளில் அடங்கிவிடும் இக்குறிப்பினை வெறும் அச்சுமரபாகவே பெரும்பாலோர் கருதுகின்றனர். சர்வதேச நீதிமன்றத் தீர்ப்புகளைப் பொறுத்தவரை இக்கருத்துப் பொருந்தாது என்பதும், அக்குறிப்பின் ஒவ்வோர் உறுப்பும் ஒரு வரலாற்று முரண்பாட்டின் தடயமாய் அமைகின்றது என்பதும், ஓர் உறுப்பினை விடுவோர் அம்முரண்பாட்டையே மறைத்துவிடுகின்றனர் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். இதனை விளக்கத் தென்மேற்கு ஆபிரிக்கா தொடர்பான வழக்குகள் சிறப்பாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

2

முதலில் இக்குறிப்பின் தோற்றம் பற்றிச் சில கூறுதல் வேண்டும். நாடுகளின் சங்கத்தின் கீழ் 1922 இல் இயங்கத் தொடங்கிய நிரந்தர சர்வதேச நீதிமன்றம் தனது முடிவுகளை எழுத்துகளாற் பெயரிடப்பட்ட தொடர்களாக வெளியிட்டது. 1930 வரையான தீர்ப்புகள் 'ஏ' தொடரிலும், ஆலோசனைக் கருத்துரைகள் 'பி' தொடரிலும் இடம்பெற்றன. 1931 முதல் இரண்டும் 'ஏ/பி' என்னும் ஒரே தொடராயின. 1946 இல் அதன் இடத்தைப் பெற்ற சர்வதேச நீதிமன்றம் ஆண்டுவாரியான அறிக்கைத் தொகுதிகளை வெளியிடுகின்றது. ஒவ்வொரு தீர்ப்பினையும் எவ்வாறு மேற்கோள் காட்டவேண்டும் என்பதனையும் அவ்வெளியீடே அறிவிக்கின்றது. பாடலுக்குரிய அடிக்குறிப்பை அரசவையே எழுதித் தந்தாற்போன்ற நிலைமை இது.

இலங்கைச் சட்டக்கல்வியில் பயின்றோர் ஒரு வேறுபாட்டை ஈண்டு மனங்கொள்ளுதல் வேண்டும். எமது சட்ட அறிக்கைகளிலிருந்து உயர்ந்த நீதிமன்றமொன்றின் முன்தீர்ப்பை எடுத்துக்காட்டும் சட்டத்தரணி, கீழ் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் விதியொன்றையே எடுத்துக்காட்டுகின்றார். சர்வதேச நீதிமன்றத்தின் நிலை அதுவன்று. அதன் யாப்பின் 59 ஆம் உறுப்புரையின்படி, ஒரு தீர்ப்பு அவ்வழக்கின் தரப்பினரையும் அவ்வழக்கினையும் மாத்திரமே கட்டுப்படுத்தும். 38 ஆம் உறுப்புரையோ நீதிமன்ற முடிவுகளைச் சட்டவிதிகளைத் துணிவதற்கான துணைச் சாதனமாக மட்டுமே ஏற்கின்றது. இவ்வுறுப்புரையின் மூலவடிவம் 1920 இல் ஹேக் நகரிற் கூடிய பத்துச் சட்டவறிஞர் கொண்ட குழுவினால் வரையப்பட்டது. ஆபிரிக்கர் எவரும் அதில் இருக்கவில்லை. ஆசியாவிலிருந்து இடம்பெற்ற ஒரே நாடான யப்பான், தானும் குடியேற்ற நாடுகளைக் கொண்ட பேரரசாகவே அன்று விளங்கிற்று. 'நாகரிகமடைந்த நாடுகள்' ஏற்கும் பொதுக்கோட்பாடுகள் பற்றிய தொடர் இன்றும் அவ்வுறுப்புரையில் நிலைத்திருப்பது தற்செயலானதன்று.

சட்டப்படி கட்டுப்படுத்தாத முன்தீர்ப்பு, நடைமுறையில் மீண்டும் மீண்டும் மேற்கோள் காட்டப்படுவதனாலேயே விதியின் வலிமையைப் பெறுகின்றது. எனவே, எதனை எவ்வாறு மேற்கோள் காட்டுகின்றோம் என்பது சட்டத்தை ஆக்கும் செயலின் ஒரு பகுதியாகின்றது.

1927 ஆம் ஆண்டின் 'லோட்டஸ்' தீர்ப்பு இதற்கு நல்ல உதாரணம். 1926 ஆகஸ்டில் லோட்டஸ் என்னும் பிரெஞ்சுத் தபாற் கப்பல், நிலக்கரி ஏற்றும் போஸ்-கூர்ட் என்னும் துருக்கிக் கப்பலுடன் மோதியது. போஸ்-கூர்ட் மூழ்கிற்று, துருக்கியர் எண்மர் மாண்டனர். பிரெஞ்சு அதிகாரியைத் துருக்கி விசாரித்தமை முறையா என்பதே வழக்கு. துருக்கி வென்றது. ஆயினும், மூழ்கிய கப்பலும் மாண்ட எண்மரும் வழக்கின் பெயரில் இடம்பெறவில்லை. மிதந்த கப்பலின் பெயரே நிலைத்தது. அரசுகளின் சுதந்திரத்திற்குக் கட்டுப்பாடுகள் உண்டென ஊகித்தலாகாது என்னும் கோட்பாட்டிற்கு ஆதாரமாக இத்தீர்ப்பு எண்ணற்ற தடவை எடுத்தாளப்பட்டுள்ளது. ஆயின், நீதியரசர்கள் ஆறுக்கு ஆறாகப் பிரிந்து, தலைவர் மக்ஸ் ஹியூபரின் அறுதியிடும் வாக்கினாலேயே அது முடிவாயிற்று என்பதை மேற்கோட் குறிப்பு கூறுவதில்லை. தீர்ப்பு இலக்கம் 9, தொடர் ஏ, இலக்கம் 10 என்னும் எண்களே எஞ்சுகின்றன.

3

தென்மேற்கு ஆபிரிக்கா முன்னர் ஜெர்மனியின் குடியேற்ற நாடாக இருந்தது. 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்கள் அங்கு இனப்படுகொலைக்கு உள்ளாயினர். முதலாம் உலகப் போரின் பின்னர், நாடுகளின் சங்கம் அந்நாட்டை 1920 இல் ஆணையாட்சி என்னும் ஏற்பாட்டின்படி தென்னாபிரிக்காவின் பொறுப்பில் விட்டது. நாகரிகத்தின் புனிதப் பொறுப்பு என அவ்வேற்பாடு வருணிக்கப்பட்டது. சங்கம் மறைந்தபின், தென்னாபிரிக்கா அந்நாட்டைத் தன்னுடன் இணைத்துக்கொள்ள முயன்றதுடன், தனது நிறவெறிச் சட்டங்களையும் அங்கு விரிவுபடுத்திற்று. நிலமும் வைரமும் கனிவளமும் யாருக்கு, உழைப்பு யாருடையது என்ற அடிப்படை வினா, நீதிமன்றத்தின் முன் ஆணையாட்சி நிலைபெறுகின்றதா என்ற சட்ட வினாவாக உருமாறி வந்தது.

1950 ஆம் ஆண்டின் ஆலோசனைக் கருத்துரை, ஆணையாட்சி நிலைபெறுகின்றது என்றது. 1960 நவம்பர் 4 இல் எத்தியோப்பியாவும் லைபீரியாவும் வழக்குத் தொடுத்தன. தென்னாபிரிக்காவின் பூர்வாங்க ஆட்சேபணைகளை 1962 டிசம்பர் 21 இல் எட்டுக்கு ஏழு என்ற வாக்குகளால் நீதிமன்றம் நிராகரித்தது. விசாரணை தொடர்ந்தது. 1966 ஜூலை 18 இல் ஏழுக்கு ஏழாக வாக்குகள் பிரிந்தன. தலைவரான அவுஸ்திரேலியர் பேர்சி ஸ்பென்டரின் அறுதியிடும் வாக்கினால், வழக்காளிகளுக்கு இவ்விடயத்திற் சட்ட உரிமையோ நலனோ உண்டென நிறுவப்படவில்லை எனக் கூறி வழக்குத் தள்ளப்பட்டது. ஏறத்தாழ ஆறாண்டு விசாரணையின் பின், நிறவெறி சட்டத்திற்கு ஒவ்வுமா என்ற வினாவுக்கு நீதிமன்றம் விடையளிக்கவேயில்லை.

இரு தீர்ப்புகளுக்கும் பெயர் ஒன்றே: 'தென்மேற்கு ஆபிரிக்கா'. வழக்காளிகளும் அவர்களே. 'பூர்வாங்க ஆட்சேபணைகள்' என்றும் 'இரண்டாம் கட்டம்' என்றும் குறிப்பில் வரும் சொற்கள் மாத்திரமே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. முன்னையது 1962 தொகுதியின் 319 ஆம் பக்கத்திலும், பின்னையது 1966 தொகுதியின் 6 ஆம் பக்கத்திலும் தொடங்குகின்றன. கட்டத்தைச் சுட்டாது 'தென்மேற்கு ஆபிரிக்கா வழக்கில் நீதிமன்றம் கூறியவாறு' என எழுதும் ஒருவர், ஒன்றையொன்று மறுக்கும் இரு நிலைப்பாடுகளுள் எதனைக் கூறுகின்றார் என்பதை வாசகர் அறிய வழியில்லை.

நான்காண்டிற் சட்டம் மாறிவிடவில்லை, நீதிபீடமே மாறியது. 1962 இன் பெரும்பான்மையினருள் ஒருவரான எகிப்தியர் பதாவி 1965 இற் காலமானார். அப்பெரும்பான்மையைச் சேர்ந்த பெரு நாட்டவர் பஸ்டமென்டே நோயுற்றிருந்தார். பின்னர் வந்து சேர்ந்த பாகிஸ்தானியர் ஸபருல்லா கான் வழக்கிற் பங்குகொள்ளவில்லை. இவ்விடத்து எளிய சூத்திரமொன்றை நாடுதல் தகாது. பெரும்பான்மையில் பிரித்தானிய, பிரெஞ்சு நீதியரசர்களுடன் போலந்தின் வினியார்ஸ்கியும் இருந்தார். சிறுபான்மையில் சோவியத் நீதியரசர் கொரெட்ஸ்கியும் அமெரிக்கரான ஜெஸப்பும் ஒருங்கே நின்றனர். நீதியரசரின் கடவுச்சீட்டைக் கொண்டு தீர்ப்பை விளக்குவது பொருள்முதல்வாதம் ஆகாது. அரசுகளுக்கிடையிலான ஒப்பந்தமே சட்டம் என்ற பழைய கருத்துருவமும், மக்கட் கூட்டங்களின் உரிமையே சட்டத்தின் அடிப்படை என்ற புதிய கோரிக்கையும் நீதிபீடத்தினுள்ளேயே மோதின. அம்மோதல் வெளியே நிகழ்ந்த குடியேற்றவாத எதிர்ப்பின் பிரதிபலிப்பாகும்.

அவ்வெளியுலகமோ காத்திருக்கவில்லை. 1966 ஆகஸ்ட் 26 இல், தென்மேற்கு ஆபிரிக்க மக்கள் அமைப்பான ஸ்வாப்போவின் ஆயுதப் போராட்டம் தொடங்கிற்று. ஒக்டோபர் 27 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஆணையாட்சியை முடிவுறுத்தியது. 1968 ஜூனில் அந்நாட்டை நமீபியா எனப் பெயரிட்டது.

4

இம்மாற்றம் மேற்கோட் குறிப்பினுள்ளும் புகுந்தது. 1971 ஜூன் 21 இல் வழங்கப்பட்ட ஆலோசனைக் கருத்துரையின் தலைப்பு மிக நீண்டது: பாதுகாப்புச் சபையின் 276 ஆம் தீர்மானத்திற்கு மாறாக நமீபியாவில் (தென்மேற்கு ஆபிரிக்கா) தென்னாபிரிக்கா தொடர்ந்து இருப்பதனால் அரசுகளுக்கு ஏற்படும் சட்ட விளைவுகள் என்பது அதன் பொருள். 1966 இல் நாட்டின் ஒரே பெயராயிருந்தது ஐந்தாண்டுகளில் அடைப்புக்குறிக்குள் ஒதுங்கிவிட்டது. தென்னாபிரிக்கா ஆள்கின்றது எனவும் தலைப்புக் கூறவில்லை. 'தொடர்ந்து இருக்கின்றது' என்றே கூறுகின்றது. தென்னாபிரிக்கா அங்கிருந்து வெளியேறுதல் வேண்டும் எனப் பதின்மூன்றுக்கு இரண்டு வாக்குகளால் நீதிமன்றம் கூறியபோது தலைவராக வீற்றிருந்தவர், 1966 வழக்கிற் பங்குகொள்ளாத அதே ஸபருல்லா கான் ஆவார்.

சட்ட நூலார் இத்தலைப்பைச் சுருக்கி 'நமீபியாக் கருத்துரை' என்பர். சுருக்கம் தவறன்று, முதன்முறை முழுப்பெயரையும் தந்த பின்னரே அது பொருந்தும். ஆயின், 1966 தீர்ப்பையும் 'நமீபியா வழக்கு' என எழுதுவது நல்லெண்ணத்தினால் விளையும் பிழையாகும். அந்நீதிபீடம் அப்பெயரை அறிந்திருக்கவில்லை. அதற்கு அப்பெயரை நாம் வழங்குவோமாயின், அது செய்ய மறுத்ததை நாமே செய்து கொடுத்தவராவோம்.

இடைப்பட்ட 1970 பெப்ரவரி 5 இல் வழங்கப்பட்ட பார்சலோனா டிராக்ஷன் தீர்ப்பினையும் இங்கு நோக்குதல் தகும். கனடாவிற் பதிவான, ஸ்பெயினில் மின்தொழில் நடத்திய கம்பனியொன்றின் பெல்ஜியப் பங்குதாரருக்காகப் பெல்ஜியம் தொடுத்த வழக்கு அது. பெல்ஜியம் தோற்றது. அத்தீர்ப்பின் 33, 34 ஆம் பந்திகளிலேயே, அடிமைமுறை, இனப்பாகுபாடு ஆகியவற்றிலிருந்து மனிதருக்குப் பாதுகாப்பளிக்கும் கடப்பாடு சர்வதேச சமுதாயம் முழுவதன்பாலும் உரியது என்ற புகழ்பெற்ற கூற்று இடம்பெறுகின்றது. வழக்கின் முடிவுக்கு அது இன்றியமையாததன்று. 1966 இன் பழியைத் துடைக்கும் முயற்சியாகவே பலர் அதனைக் கொள்வர். ஆபிரிக்க மக்களின் வழக்கிற் கூறப்படாத ஒன்று, முதலாளிகளின் பங்குப் பத்திரம் பற்றிய வழக்கிற் கூறப்பட்டமை அக்காலச் சட்டத்தின் முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றது. இப்பந்திகளை எடுத்தாள்வோர் பந்தி எண்ணோடு அமையாது, அது இடைக்கூற்று என்பதனையும் சுட்டுதல் வேண்டும்.

5

தோற்றவரின் குரலை மேற்கோள் காட்டுவது குறித்தும் சில கூறுதல் அவசியம். 1966 தீர்ப்பின் பெரும்பான்மைக் கூற்றைவிட, சமத்துவக் கோட்பாடு பற்றி யப்பானிய நீதியரசர் தனாக்கா எழுதிய மாறுபட்ட கருத்தே பிற்கால மனித உரிமை ஆய்வுகளிற் பெரிதும் மதிக்கப்படுகின்றது. எம் நாட்டவரான சி. ஜி. வீரமந்திரி 1991 முதல் 2000 வரை இந்நீதிமன்றத்தில் அமர்ந்தவர். 1997 இன் கப்சிகோவோ-நாகிமாரோஸ் வழக்கில், டனியூப் நதி அணைகள் பற்றிய தமது தனிக்கருத்தில், பண்டைய இலங்கையின் குளங்களையும் நீர்ப்பாசன மரபையும் அவர் சான்றாக எடுத்தாண்டார். 'நாகரிகமடைந்த நாடுகள்' என்னும் 1920 இன் தொடருக்கு அளிக்கப்பட்ட மறுமொழியாக இதனைக் கொள்ளலாம். 1996 இன் அணுவாயுதக் கருத்துரையில், வாக்குகள் மீண்டும் ஏழுக்கு ஏழாய்ப் பிரிந்தபோது, அணுவாயுதப் பயன்பாடு எந்நிலையிலும் சட்டவிரோதமே என அவர் மாறுபட்டு எழுதினார். இவற்றை எடுத்தாள்கையில் நீதியரசரின் பெயரையும், கருத்தின் வகையையும் கூறாது 'நீதிமன்றம் கூறிற்று' என்பது, நாம் விரும்பும் கருத்தெனினும், பொய்மேற்கோளே ஆகும்.

6

மேற்கூறியவற்றிலிருந்து தமிழில் எழுதுவோர் கைக்கொள்ளத்தக்க முறையொன்றை வகுக்கலாம். வழக்கின் பெயரைத் தீர்ப்பு நாளில் நீதிமன்றம் வழங்கியவாறே தருக. பிற்காலப் பெயரை வேறாகக் கூறுக. வழக்காளிகளைக் குறிக்கையில், ஒரு தரப்பின் விண்ணப்பத்தால் வந்த வழக்குக்கு 'எதிர்' என்றும், இருதரப்பும் விசேட உடன்பாட்டாற் கொணர்ந்ததற்குச் சாய்கோடும் இடுவது நீதிமன்றத்தின் வழக்கு, அவ்வேறுபாட்டைக் காக்க. கட்டத்தையும், தீர்ப்பா ஆலோசனைக் கருத்துரையா என்பதனையும் ஒருபோதும் விடாதிருக்க. தொகுதி, ஆண்டு, தொடக்கப் பக்கம் ஆகியவற்றுடன், பந்தி எண் உள்ளவிடத்து அதனையும் சேர்க்க. இவற்றோடு, நீதிமன்றத்தின் குறிப்பில் இல்லாததாயினும், பிளவுபட்ட முடிவுகளுக்கு வாக்குக் கணக்கைக் கட்டுரையின் வாசகத்திலேயே தருக.

இறுதியிற் கூறிய இதனையே நாம் வலியுறுத்துகின்றோம். சட்டத்தை வரலாற்றுக்கு அப்பாற்பட்ட நியாயத்தின் குரலாகக் காட்ட விரும்புவோருக்கு அவ்வாக்குக் கணக்கு இடையூறாகத் தோன்றும். நமீபிய மக்களுக்கு அது அவ்வாறு தோன்றியிருக்க முடியாது. ஒரு வாக்கினால் 1966 இல் மூடப்பட்ட கதவு திறப்பதற்கு அவர்கள் 1990 மார்ச் 21 வரை போராட வேண்டியிருந்தது.