பினாங்கு ராஜதானியும் எதிர்க்கரையும்

பட்டர்வொர்த்துத் துறையில் நின்று மேற்கே நோக்குவார்க்கு ஜார்ஜ் டவுன் நகரம் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதுபோலத் தோன்றும். இடையே கிடப்பது குறுகிய கடலே. ஆயினும் தீவு ஆங்கிலேயர் கைக்கு வந்தது 1786 இல். இக்கரை வந்தது 1800 இல். இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை அறியாதார்க்கு, 1805 இல் இங்குத் தோன்றிய பினாங்கு ராஜதானியின் இயல்பு விளங்குவது அரிது.

ராஜதானி என்னும் சொல் தமிழர்க்குப் புதிதன்று. சென்னை ராஜதானி என்று நம் முன்னோர் நாள்தோறும் வழங்கிய சொல்லே அது. கும்பினியார் ஆட்சியில் ஆலோசனைச் சபையின் தலைவர் அமர்ந்து ஆளும் இடம் அப்பெயர் பெற்றது. வங்காளம், சென்னை, பம்பாய் என அவை மூன்றே இருந்தன. நான்காவதாக எண்ணப்பெற்றது, ஏறத்தாழ 290 சதுரக் கிலோமீட்டர் பரப்பே உடைய பினாங்குத் தீவு. அதனுடன் எதிர்க்கரையில் ஒரு நிலத்துண்டும் இருந்தது. இத்துணைச் சிறிய இடத்திற்கு இத்துணைப் பெரிய மகுடம் ஏன் சூட்டப்பட்டது?

விடை கடற்படையில் இருக்கிறது. நெப்போலியனோடு போர் மீண்டும் மூண்ட காலம் அது. வங்கக் கடலுக்குக் கிழக்கே ஒரு கப்பல் தளம் வேண்டும், பினாங்கில் கப்பல் கட்டலாம், அதற்கான மரமும் அண்டை நாடுகளில் கிடைக்கும் என்று இலண்டனில் கணக்கிட்டனர். அப்போது கடற்படைத் துறையின் தலைவராக இருந்தவர் மெல்வில் பிரபு என்னும் ஹென்றி டண்டாஸ். புதிய ராஜதானியின் முதல் ஆளுநராக அமர்த்தப்பட்டவர் பிலிப் டண்டாஸ். பெயர் ஒற்றுமை தற்செயலன்று. பின்னவர் முன்னவருடைய தமையன் மகன். பம்பாயில் கடல்துறைப் பணியில் பயின்றவர் என்பதனால் பிலிப் தகுதியற்றவர் என்று தள்ளிவிட இயலாது. எனினும், தகுதிக்கு உறவு துணைசெய்தது என்று கருதுவதில் பிழை இல்லை.

அந்த உறவுக்கே களங்கம் நேர்ந்த ஆண்டும் 1805 தான். மெல்வில் பிரபு முன்னர்க் கடற்படைப் பொருளாளராக இருந்தபோது, அரசுப் பணம் அவருக்குக் கீழிருந்த அலெக்சாந்தர் டிராட்டர் என்னும் அலுவலரின் சொந்தக் கணக்கில் புழங்கியது என விசாரணைக் குழுவொன்று வெளிப்படுத்திற்று. அவ்வாண்டு ஏப்ரல் 8 இல் பொதுமக்கள் சபையில் வாக்கெடுத்தபோது இரு பக்கமும் 216 வாக்குகள் விழுந்தன. சபைத் தலைவர் தம் வாக்கை மெல்விலுக்கு எதிராக அளித்தார். பிரபு பதவி விலகினார். மறு ஆண்டு பிரபுக்கள் சபை அவரைக் குற்றமற்றவர் எனத் தீர்த்தது. பிரிட்டனில் நாடாளுமன்றமே குற்றஞ்சாட்டி வழக்குரைத்த முறை அதன்பின் நிகழவில்லை.

இலண்டனில் சிற்றப்பா தம் கணக்குக்கு விடையளித்துக்கொண்டிருந்த காலத்தில், பிலிப் டண்டாஸ் பெரும் பரிவாரத்துடன் கடலில் வந்துகொண்டிருந்தார். 1805 செப்டம்பரில் அவர் பினாங்கில் இறங்கினார். ஆலோசகர்களும் செயலாளர்களும் கணக்கர்களுமாக ஏறத்தாழ ஐம்பது ஆங்கில அலுவலர் கொண்ட ஆட்சி அமைந்தது. துணைச் செயலாளராக வந்த ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் என்னும் இளைஞர் இலண்டன் அலுவலகத்தில் ஆண்டுக்கு 70 பவுன் பெற்றவர். இங்கு அவருக்கு 1,500 பவுன். ராபிள்ஸ் வரும் வழியிலேயே மலாய் கற்று, பெற்ற ஊதியத்துக்கு மேலாக உழைத்தவர் என்பதையும் கூறவேண்டும். ஆனால் எல்லாரும் ராபிள்ஸ் அல்லர்.

செலவு தொடங்கிய வேகத்தில் வரவு தொடங்கவில்லை. 1805 அக்டோபரில் டிரபால்கர்ப் போரில் பிரெஞ்சுக் கடற்படை முறிந்ததும் கப்பல் தளத்தின் தேவை பெரிதும் குறைந்தது. எதிர்பார்த்த மரமும் எளிதில் கிடைக்கவில்லை. 1809 இல் ‘மலாக்கா’ என்னும் போர்க்கப்பலும் பின்னர் வேறொன்றும் நீரில் இறங்கியதோடு அக்கனவு ஓய்ந்தது. மிளகோ, நெப்போலியன் ஐரோப்பியத் துறைமுகங்களை அடைத்தபின் விலை வீழ்ந்து தோட்டக்காரரை அழித்தது. டண்டாஸ் 1807 ஏப்ரலில் இறந்தார்.

இந்நிலையில் வருவாய் எங்கிருந்து வரும்? அபின் குத்தகை, சாராயக் குத்தகை, சூதாட்டக் குத்தகை ஆகியவற்றிலிருந்து வந்தது. உழைத்துக் களைத்தவனின் கைப்பொருளைக் குத்தகைக்காரன் திரட்ட, குத்தகைப் பணம் கருவூலம் சேர்ந்தது. சூதாட்டக் குத்தகைக்கு ஆங்கிலேயருள்ளேயே எதிர்ப்பு எழுந்து, சில ஆண்டுகளில் அது நீங்கிற்று. அபின் குத்தகை மட்டும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை நிலைத்தது. சூது தீது என்று கண்ட கண்கள் அபினைக் காணாமற்போனதற்கு அதன் வருவாய் அளவைத் தவிர வேறு காரணம் தேடவேண்டுவதில்லை.

நீதித்துறையும் இதற்கு விலக்கன்று. 1807 ஆம் ஆண்டின் அரச சாசனத்தால் நீதிமன்றம் ஏற்பட்டது. சட்டம் கற்ற ரிக்கார்டர் ஒருவரும், அவருடன் ஆளுநரும் ஆலோசகரும் நீதிபதிகளாக அமர்ந்தனர். ஆணையிட்டவரே அவ்வாணை பற்றிய வழக்கையும் கேட்கும் ஏற்பாடு இது. இதன் விசித்திரம் 1830 இல் முழுமையாக வெளிப்பட்டது. ராஜதானியை ஒழித்தபோது ஆளுநர், ஆலோசகர் என்னும் பதவிப் பெயர்களும் ஒழிந்தன. சாசனத்தில் குறித்த பெயருடையார் இல்லாமையால் நீதிமன்றத்தை நடத்த ஆளில்லை என்று கதவை அடைத்தனர். 1832 இல் பழைய பெயர்களை மீட்டளித்த பிறகே வழக்குகள் நடந்தன.

தமிழர் இக்கதையில் வெளியாரல்லர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியர் ஆயிரவர் இருந்ததாகப் பிரான்சிஸ் லைட்டே எழுதியுள்ளார். அவர்களின் தலைவர் காதர் முகைதீன் கட்டிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், புதிய ஆளுநர் இறங்குமுன்பே எழுந்துவிட்டது. வணிகராக வந்தாரல்லாது, விலங்குடன் வந்த தமிழரும் இருந்தனர். 1801 இல் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டபின், சின்னமருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்ட 73 பேர் 1802 இல் நாடுகடத்தப்பட்டனர். முன்பு அக்குடும்பத்தோடு பழகிய கர்னல் வெல்ஷ், 1818 இல் பினாங்கில் துரைச்சாமியை நலிந்த கோலத்தில் கண்டதைத் தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். சிவகங்கை வரலாற்றைப் பாடமாக நடத்துவோர் இந்தப் பக்கத்தையும் சேர்த்தே நடத்துதல் நன்று.

இவை யாவற்றினும் பெரிய வழக்கு கெடா நாட்டைப் பற்றியது. இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பைப் பெருமையுடன் கற்கும் நம்மவர், அதே நாடு எண்ணூறு ஆண்டுகளுக்குப்பின் பட்ட பாட்டை அவ்வளவாகக் கற்பதில்லை. சுல்தான் அப்துல்லா தீவைக் கொடுக்க இசைந்தது பணத்துக்காக மட்டுமன்று. சயாமியர் தாக்கினால் ஆங்கிலேயர் காக்கவேண்டும் என்பதற்காக. லைட் இதனை நன்கறிவார், கல்கத்தாவுக்கும் எழுதினார். கல்கத்தா மறுத்தது. தீவை மட்டும் திருப்பித் தரவில்லை. 1791 இல் சுல்தான் பிறை ஆற்றங்கரையில், அஃதாவது இன்றைய பட்டர்வொர்த்தின் அருகிலேயே, படை திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கிச் சிதறடித்தார். பின் எழுதிய உடன்படிக்கை ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்றது; பாதுகாப்பைப் பற்றி வாய்திறக்கவில்லை. 1800 இல் எதிர்க்கரையும் வாங்கப்பட்டபோது தொகை 10,000 ஆயிற்று. அக்கரை, தலைமை ஆளுநரின் பெயரால் வெல்லஸ்லி மாநிலம் எனப்பட்டது.

ராஜதானியார் இக்கடனை ஏட்டிலிருந்தபடியே ஏற்றனர். ஏட்டில் இல்லாததை ஏற்கவில்லை. 1821 இல் சயாமியப் படை கெடாவில் புகுந்தது. சுல்தான் அகமது தாஜுதீன் பினாங்குக்குத் தப்பிவந்தார். ஆயிரக்கணக்கான மலாய் மக்கள் எல்லை கடந்து இக்கரையில் குடியேறினர். செபராங் பிறை ஊர்கள் பல அவர்களால் பெருகியவை. ஆளுநர் பிலிப்ஸ் சுல்தானைப் பகைவரிடம் ஒப்படைக்கவில்லை. அவருக்காகப் படையும் அனுப்பவில்லை. ஒப்பந்தத்தில் அச்சொல் இல்லை என்பது ஆட்சியின் வாதம். அதே ஆட்சியில் பணிபுரிந்த ஜான் ஆண்டர்சன் 1824 இல் ஒரு நூல் எழுதிச் சுல்தானின் உரிமைக்காக வாதிட்டார். கேட்பவன் நம்பும்படி பேசிவிட்டு, எழுதும்போது விட்டுவிட்ட சொல்லுக்கு யார் பொறுப்பு என்பதே வழக்கின் சாரம். ஆண்டர்சன் பக்கமே நியாயம் இருந்தது. ஆனால் 1826 இல் பர்னி பாங்காக்கில் செய்த உடன்படிக்கை, கெடா சயாமியரிடமே இருக்கும் என்றும், சுல்தான் பினாங்கிலோ பிறையிலோ வாழலாகாது என்றும் விதித்தது. தம் தந்தையர் அளித்த மண்ணிலிருந்தே அவர் வெளியேற்றப்பட்டு மலாக்காவில் தங்கவேண்டியதாயிற்று.

மலாக்காவையும் இவ்வாட்சி விட்டுவைக்கவில்லை. டச்சுக்காரருக்காகக் காத்துவைத்திருந்த அந்நகரின் கோட்டையை, வாணிகம் பினாங்குக்குத் திரும்பட்டும் என்று 1807 இல் வெடிவைத்துத் தகர்த்தனர். குடிமக்களையும் பெயர்த்துக் கொணரும் திட்டம் இருந்தது. 1808 இல் அங்குச் சென்று கண்ட ராபிள்ஸ், தலைமுறைகளாக வேரூன்றியவரைப் பெயர்ப்பது ஆகாது என்று எழுதினார், திட்டம் நின்றது.

1826 இல் சிங்கப்பூரும் மலாக்காவும் ராஜதானியில் சேர்க்கப்பட்டும் பற்றாக்குறை தீரவில்லை. 1830 இல் அதனை ஒழித்து வங்காளத்தின் கீழ் வைத்தனர். இருபத்தைந்தாண்டே அதன் ஆயுள். பின்னர் 1843 முதல் 1855 வரை ஆளுநராயிருந்தவரும் சென்னைப் படையிலிருந்து வந்தவருமான வில்லியம் ஜான் பட்டர்வொர்த்தின் பெயரே இத்துறைக்கு நிலைத்தது. அந்த 10,000 மட்டும் ராஜதானியோடு ஒழியவில்லை. வெள்ளி ரிங்கிட்டாகி, சுதந்திரத்துக்குப் பின்னும் ஆண்டுதோறும் கெடாவுக்குச் செலுத்தப்பட்டு வந்தது. 2018 இல் மலேசிய நடுவணரசு அதனை ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது.