கல்லிடை வாழும் சுண்ணாம்பு

பழங்கட்டடங்களைப் போற்றுவோர் கல்லின் உறுதியையும் தூணின் எழிலையும் வியந்து பேசுவர். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே விரலளவு இடத்தில் அமர்ந்து சுவரைக் காத்து நிற்கும் சுண்ணாம்புச் சாந்தை எண்ணிப் பார்ப்போர் சிலரே. அச்சாந்தின் வரலாற்றில் தமிழர்தம் உழைப்பும் கலந்துள்ளது.

ஜொகூர் பாருவில் இஸ்தானா பெசார் 1866 இல் எழுந்தது. சுல்தான் அபு பக்கார் பள்ளிவாசலின் பணி 1892 இல் தொடங்கி 1900 இல் நிறைவெய்தியது. சிமெண்ட் இந்நாட்டில் பரவாத அக்காலத்தில் சுவர் எழுப்பவும் பூசவும் சுண்ணாம்பே துணையாயிற்று. நீரிணைக்கு அப்பால், சிங்கப்பூரில், அத்தொழிலில் கைதேர்ந்தவராய் விளங்கியோர் இந்தியக் கைதிகள் ஆவர். 1825 முதல் 1873 வரை அங்கு உழைத்த அவர்களுள் சென்னை மாகாணத்தாரும் இருந்தனர். 1856 இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1862 இல் திருநிலைப்படுத்தப்பெற்ற செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயம் அவர்தம் கைவண்ணமே. அதன் உட்சுவர்ப் பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் வெல்லமும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் கலந்தனர் என்று, அவர்களை மேற்பார்த்த மெக்நேர் 1899 இல் வெளியிட்ட நூலில் குறித்துள்ளார். ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்றே ஆங்கிலேயர் அதனை அழைத்தனர்.

சுண்ணாம்பின் இயல்பு வியப்புக்குரியது. சூளையில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுண்ணாம்புக்கல் தன் கரியமில வாயுவை இழக்கிறது. பின்னர் நீர் விட்டு நீற்றி, மணலுடன் கலந்து சுவரிலிட்டால், காற்றிலுள்ள அவ்வாயுவையே மெல்ல மெல்ல மீட்டுக்கொண்டு மீண்டும் கல்லாகிறது. எனினும் அது கட்டடக் கல்லினும் மென்மையானது, நுண்துளைகள் உடையது. சுவரில் ஏறும் ஈரம் அத்துளைகள் வழியே வெளியேறும். உப்பும் உடன் வரும். ஆண்டுகள் பல கழிய, தேய்ந்து உதிர்வது சாந்தே, கல் பிழைத்துக்கொள்ளும்.

1824 இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாந்து சிமெண்ட்டுக்குக் காப்புரிமை பெற்றார். விரைவில் இறுகும் அப்பொருள் புதுக் கட்டடங்களுக்குப் பெரும்பயன் விளைத்தது. ஆயின் பழஞ்சுவரின் இடுக்குகளை அதனால் அடைத்தபோது தீங்கு நேர்ந்தது. ஈரம் செல்லும் வழி அடைபட்டது. கல்லின் வழியாகவே அது வெளியேற வேண்டியதாயிற்று. உப்பு கல்லினுள் உறைந்து அதன் முகத்தைப் பொடியாக்கியது. வலிய சாந்து நிற்க, மெலிந்த கல் அழிந்தது. மழை மிகுந்த ஜொகூர் போன்ற நிலத்தில் இத்தீங்கு அஞ்சத்தக்கதே.

ஆதலின் பழுது பார்ப்போர் முதலில் பழைய சாந்தை ஆராய்ந்து அதற்கு ஒத்த கலவையை அமைத்தல் வேண்டும். இடுக்கின் அகலத்தைப் போல் இருமடங்கு ஆழத்திற்கேனும் உளுத்த சாந்தைக் கையுளியால் அகற்றி, தூசி நீக்கி, நீர் தெளித்து, புதுச் சாந்தைக் கரண்டியால் அழுத்தி அடைத்தல் வேண்டும். பின்னர்ப் பல நாள் ஈரச் சாக்கிட்டு வெயிலினின்றும் காத்தல் வேண்டும். அவசரத்திற்கு இங்கு இடமில்லை.

தேய்ந்த சாந்தை மாற்றலாம். பொடிந்த கல்லை மீட்க இயலாது. நீற்றுதல், காரை, சாந்து எனும் சொற்கள் அகராதியில் மட்டும் எஞ்சுமாயின், சுவரைக் காக்கும் அறிவும் மறையும். கட்டியவர் பெயரைக் கற்பிக்கும் வகுப்பறைகள், கலவை குழைத்த கைகளின் அறிவையும் மாணவர்க்கு உணர்த்துதல் கடனாகும்.