மருத்துவமனையே வீடாக: டாக்டர் வி. சாந்தா

திருக்கோவிலூர் பக்கத்துக் கிராமங்களில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், வீட்டார் பேச்சில் முதலில் வருபவை இரண்டு இடங்கள். ஒன்று புதுச்சேரி ஜிப்மர். மற்றது சென்னை அடையாறு. அடையாறு என்றாலே புற்றுநோய் மருத்துவமனை என்று ஆனதற்குப் பின்னால் இரண்டு பெண்களின் வாழ்வு இருக்கிறது.

முதலாமவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1923ஆம் ஆண்டில் அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்தார். அந்த வேதனையை உடனிருந்து கண்டவர், முப்பது ஆண்டுகள் அதை மறக்கவில்லை. "இந்த நோய்க்கு எதற்குத் தனி மருத்துவமனை? வந்தவர்கள் எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள்" என்று பொறுப்பில் இருந்தவர்களே எண்ணிய காலம் அது. ஆயினும் 1954 ஜூன் 18 அன்று 12 படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கியது.

இரண்டாமவரான சாந்தா 1927 மார்ச் 11 அன்று மயிலாப்பூரில் பிறந்தார். நொபெல் பரிசு பெற்ற சர் சி.வி. ராமன் அவருக்குத் தாத்தாவின் தம்பி. அதே பரிசைப் பின்னர் பெற்ற எஸ். சந்திரசேகர் தாய்மாமன். மகப்பேறு மருத்துவம் படித்து, அரசுப் பணிக்கும் தேர்வாகியிருந்தார். கௌரவமான அந்த வேலையை விட்டுவிட்டு 1955 ஏப்ரலில் அடையாறு வந்தபோது, அவரை அறிந்தவர்கள் பலருக்கு அது புரியவில்லை. முதல் மூன்று ஆண்டுகள் சம்பளம் இல்லை. பிறகு மாதம் 200 ரூபாயும், வளாகத்திலேயே தங்க இடமும் கிடைத்தன.

அவர் அங்கிருந்து வெளியேறவேயில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. முத்துலட்சுமி ரெட்டியின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து அந்தச் சிறு மருத்துவமனையை வளர்த்தார். பணம் இல்லை என்பதற்காக ஒரு நோயாளியும் திரும்பிப் போகக் கூடாது என்பதில் இருவரும் உறுதியாக இருந்தனர். இன்றும் அங்கு வரும் ஏழைகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை கிடைக்கிறது.

முத்துலட்சுமி ரெட்டியைப் போல, ஒரு மரணம்தான் சாந்தாவை இப்பணிக்கு அழைத்தது என்று சொல்ல முடியாது. நோயாளிகளிடையே நாள்தோறும் வாழ்ந்ததே அவரை அங்கே நிறுத்தியது என்று தோன்றுகிறது. நோயைவிட நோயைப் பற்றிய பயத்தோடுதான் அவர் அதிகம் போராடினார். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் பல புற்றுநோய்களைக் குணப்படுத்தலாம் என்பதையும், புகையிலையின் கேட்டையும் சலிக்காமல் சொல்லிவந்தார். 2005இல் மகசேசே விருது பெற்றார். தமது 93ஆம் வயதில், 2021 ஜனவரி 19 அன்று காலமானார்.

அந்தப் பயம் நம் ஊர்களை விட்டு இன்னும் போகவில்லை. மார்பில் கட்டி, மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு, வாரக்கணக்கில் ஆறாத வாய்ப்புண் ஆகியவற்றை வெட்கத்தால் வீட்டில்கூடச் சொல்லாத தாய்மார்கள் எத்தனை பேர்! வலி தாங்க முடியாமல் போன பிறகுதான் பலர் சென்னைக்குப் பேருந்து ஏறுகிறார்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். எல்லாக் கட்டியும் புற்றுநோய் அல்ல.