பயணத்தில் வயிற்றுப்போக்கு: மாத்திரையும் உப்புப் பொட்டலமும்

காந்திபுரத்தில் இரவுப் பேருந்து ஏறும் முன் பலரும் மருந்துக்கடைக்குப் போவார்கள். தலைவலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று, "வயித்தால போனா நிறுத்தறதுக்கு" ஒன்று என்று மாத்திரைகளை வாங்கிப் பையில் போட்டுக் கொள்வார்கள். அதே கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை வாங்குவோர் குறைவு. ஆனால் வரலாற்றைப் பார்த்தால் உயிரைக் காத்தது அந்தப் பொட்டலம் தான்!

முதலில் மாத்திரையின் கதை. சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் 1934-ல் என்டரோ வயோஃபார்ம் என்ற மாத்திரையை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பிற்காலத்தில் சுற்றுலா செல்வோர் பலர் இதைக் கையோடு கொண்டு போனார்கள். ஜப்பானில் இந்த மருந்தைச் சாப்பிட்டவர்களில் சுமார் 10,000 பேருக்கு நரம்பு பாதித்தது. கால் மரத்துப் போனது; சிலர் பார்வையையே இழந்தார்கள். 1970-ல் ஜப்பான் அரசு அதன் விற்பனையை நிறுத்தியது.

அடுத்த ஆண்டே நம் நாட்டில் இன்னொரு கதை நடந்தது. 1971 வங்கதேசப் போரின் போது லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். எல்லை ஊரான பன்காவில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீரும் நிலை. அங்கே பணியாற்றிய டாக்டர் திலீப் மஹலனாபிஸ் துணிந்து ஒரு முடிவு எடுத்தார். குளுக்கோஸ் 22 கிராம், உப்பு 3.5 கிராம், சமையல் சோடா 2.5 கிராம். இவற்றை ஒரு லிட்டர் தண்ணீருக்கு என்ற கணக்கில் கலந்து, பெரிய டிரம்களில் வைத்தார்கள். நோயாளிகளின் உறவினர்களே அதைக் குவளையில் பிடித்துக் கொடுத்தார்கள். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு, 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

இதன் ரகசியம் என்ன? குடல் குளுக்கோஸை உறிஞ்சும் போது உப்பையும் சேர்த்து இழுத்துக் கொள்கிறது, உப்பின் பின்னால் தண்ணீரும் போகிறது. 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி குளுக்கோஸும் உப்பும் சேர்ந்தே போகும் இந்த வழியை விளக்கினார். வயிற்றுப்போக்கில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் உடலை விட்டுப் போகும் நீரும் உப்பும் தான். ஓ.ஆர்.எஸ். போக்கை நிறுத்தாது, போனதை ஈடு செய்யும். நம் வீட்டுப் பாட்டிகள் கொடுத்த உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் இதே வழியில் தான் வேலை செய்கிறது. பொள்ளாச்சி இளநீர் நல்லது தான், ஆனால் அதில் சோடியம் குறைவு. கடுமையான போக்குக்கு அது மட்டும் போதாது.

மஹலனாபிஸ் 2022-ல் காலமானார். பத்ம விபூஷண் விருது 2023-ல் தான், அதுவும் மறைவுக்குப் பின் தான் வந்தது. இதற்கிடையே சர்க்கரை மிகுந்த பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போட்டுக் கொண்டு விற்பனைக்கு வந்தன. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது.

ஆகவே பொட்டலம் வாங்கும் போது உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை தண்ணீரில் கலக்கச் சொல்லியிருக்கிறதோ அத்தனையில் மட்டும் கலக்குங்கள். மலத்தில் ரத்தம், காய்ச்சல், சிறுநீர் குறைவது போன்றவை தெரிந்தால் மாத்திரை போட்டு நிறுத்தப் பார்க்காமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும் போது பையில் இரண்டு பொட்டலம் இருக்கட்டும், நண்பர்களே!